தாத்தாவின் ஸ்டீல் வாட்ச் செயின்: 7206, 80, ‘2 69’ என்ற எண்கள் என்ன சொல்கின்றன?

கேள்வி சுருக்கமாக இதுதான். சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், வாட்ச் இல்லாமல் ஒரு ஸ்டீல் செயின் மட்டும் கிடைத்திருக்கிறது. லாக்கின் மேல் ஒரு கிரீடம். லாக்கைத் திறந்தால் உள்ளே ‘2 69’ என்று இருக்கிறது. நுனியை ஒட்டிய கண்ணியின் உள்பக்கம் 7206. இரண்டு நுனித் துண்டுகளிலும் 80. நகைக்கடையில் ‘வெறும் ஸ்டீல்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாட்ச் கடைக்காரர் 2,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார், பாலிஷ் போட்டால் கொஞ்சம் கூடத் தரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலிஷ் போடவே போடாதீர்கள். 2,000 ரூபாய்க்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன எண்களும் முத்திரையும் அசலானவை என்றால், கையில் இருப்பது சேகரிப்பாளர்கள் ‘ரிவெட் ஆய்ஸ்டர்’ என்று அழைக்கும் 1960களின் ரோலெக்ஸ் செயின். நல்ல நிலையில் இருக்கும் ஒன்று, வாட்ச் இல்லாமல் தனியாகவே, ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் போவது சாதாரணம்.

வெறும் ஸ்டீலுக்கு ஏன் இந்த விலை? அந்தக் காலத்தில் செயின் என்பது வாட்சின் பிரிக்க முடியாத பாகமாகக் கருதப்படவில்லை. தோல் வாரோடு வாங்கிய பலர் பிறகு செயின் மாட்டிக்கொண்டார்கள். செயினோடு வாங்கியவர்கள் அது தொளதொளத்ததும் கழற்றி எறிந்தார்கள். சர்வீஸுக்குக் கொடுத்தால் புதிய மாடல் செயினை மாட்டிக் கொடுப்பார்கள், பழையது குப்பைக்குப் போகும். ஆக வாட்சுகள் பிழைத்த அளவுக்குச் செயின்கள் பிழைக்கவில்லை. இன்று 1969ஆம் ஆண்டின் ரோலெக்ஸ் ஒன்றை வைத்திருப்பவர், அது கடையிலிருந்து வந்தபோது இருந்த அதே செயினோடு அதை முழுமையாக்க விரும்புகிறார். அவரிடம் வாட்ச் இருக்கிறது, செயின் இல்லை. உங்களிடம் செயின் இருக்கிறது, வாட்ச் இல்லை. பழைய செயினின் விலை முழுக்க இந்தத் தேவையிலிருந்து வருவது. உலோகத்தின் எடைக்கு இதில் வேலையே இல்லை. அதனால்தான் நகைக்கடைக்காரருக்கு அது ஒன்றுமில்லாததாகத் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய தராசு வேறு.

எந்த வாட்சுக்கு என்பதைத்தான் எண்கள் சொல்கின்றன. 7206 என்பது செயினின் மாடல் எண், அதன் அகலம் 20 மில்லிமீட்டர். இதே வடிவத்தில் 19 மில்லிமீட்டர் அகலத்துக்கு 7205 என்று எண். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நுனித் துண்டின் அகலத்தை அளந்து பாருங்கள். எண்ணும் அளவும் ஒத்துப்போக வேண்டும்.

நுனித் துண்டு என்பது செயின் வாட்சின் உடலோடு சேரும் இடத்தில் வளைவாக இருக்கும் தகடு. எண்ட் பீஸ் என்பார்கள். வாட்சின் வளைவுக்கும் தடிமனுக்கும் ஏற்றபடி இதன் வடிவம் மாறும், அதற்கேற்ப எண்ணும் மாறும். உங்களுடைய 80, அந்தக் காலத்துச் சப்மரைனர், ஜி.எம்.டி. மாஸ்டர் போன்ற 20 மில்லிமீட்டர் ஸ்போர்ட்ஸ் மாடல்களில் வந்தது. பின்னாளில் செயினின் அமைப்பு மாறியபோது இந்த எண்ணும் 280, 380, 580 என்று தொடர்ந்தது. அதனால் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தே எந்தக் குடும்பம் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இந்தச் சின்ன எண் விலையை எப்படிப் புரட்டிப் போடும் என்பதற்கு 7205 நல்ல உதாரணம். அதில் நுனித் துண்டு 57 என்று இருந்தால் 34 மில்லிமீட்டர் சாதாரண ஆய்ஸ்டர் பெர்பெச்சுவல், டேட் மாடல்களுக்கானது. அதே செயினில் 71 என்று இருந்தால் 1960களின் ரோலெக்ஸ் டேடோனாவுக்கானது. கண்ணிகள் ஒன்று, லாக் ஒன்று, எழுபத்தொன்று என்ற எண் மட்டும் வேறு. ஆனால் பழைய டேடோனா மிக விலை உயர்ந்த வாட்ச். அதை வைத்திருப்பவர் 71க்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் பணமும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். நுனித் துண்டுகளை மட்டும் ஜோடியாக வாங்குகிறவர்களே இருக்கிறார்கள். எனவே ‘இந்த வளைந்த தகடு எதற்கு, வேறு வாட்சுக்கு மாட்ட முடியவில்லையே’ என்று யாராவது கழற்றிப் போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்தது லாக்கின் உள்ளே இருக்கும் ‘2 69’. இது தயாரிப்புத் தேதி: 1969ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டு, அதாவது ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடைப்பட்ட காலம். 1970களின் நடுப்பகுதி வரை ரோலெக்ஸ் லாக்குகளில் இப்படிக் காலாண்டும் வருடமும் அடித்தார்கள். 1976லிருந்து எழுத்துக்கு மாறினார்கள். ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே வரிசையாகப் போகும். எழுத்தோடு எஸ் என்று ஒன்று சேர்ந்திருந்தால் அது சர்வீஸில் மாற்றிப் போட்ட லாக் என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தேதி லாக்கின் தேதிதான். லாக் உடைந்து வேறொன்று மாட்டியிருக்கலாம். 1969இன் லாக்கும் 7206இன் கண்ணிகளும் காலத்தால் ஒத்துப்போகின்றன, எனவே உங்கள் விஷயத்தில் சந்தேகப்படக் காரணம் இல்லை. ஆனால் 7206 கண்ணியில் 1980களின் எழுத்துக் குறியீடு உள்ள லாக் இருந்திருந்தால், அது பிறகு சேர்த்தது என்று நேரே சொல்லிவிடலாம், விலையும் கணிசமாக இறங்கும். 1968, 1969 ஆண்டுகளின் வாட்ச் வைத்திருப்பவர்தான் உங்கள் செயினுக்கு அதிகபட்ச விலை கொடுப்பார். 1963இன் வாட்ச் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும், ஆனால் அவர் ‘1’, ‘2’ பக்கத்தில் 63 என்று இருக்கும் லாக்கைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

இப்போது அசலா என்ற கேள்வி. ரிவெட் செயின்களுக்கு இன்று போலிகள் நிறைய. அதனால் எண் இருக்கிறது என்பது மட்டும் போதாது. நல்ல வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பாருங்கள்.

செயினைப் பக்கவாட்டில் திருப்புங்கள். கண்ணிகளின் ஓரத்தில் வட்டமான ரிவெட் தலைகள் வரிசையாகத் தெரியும். பெயருக்குக் காரணமே அவைதான். அசலில் அவை கொஞ்சம் புடைத்து, விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும். பலமுறை பாலிஷ் போட்ட செயினில் அவை தேய்ந்து தட்டையாகிவிடும், கண்ணியோடு கண்ணியாகக் கரைந்துபோயிருக்கும். ஒரு ரிவெட் மட்டும் பளபளவென்று வேறுமாதிரி இருந்தால் அங்கே யாரோ கண்ணியைக் கழற்றியோ சேர்த்தோ இருக்கிறார்கள்.

பிறகு எடை. இந்தக் கண்ணிகள் திடமானவை இல்லை, உள்ளே வெற்றிடம் உள்ளவை. கையில் எடுத்தால் ‘இவ்வளவு லேசா?’ என்றுதான் தோன்றும், குலுக்கினால் சலசலக்கும். புதிய ரோலெக்ஸைத் தொட்டுப் பழகியவர்கள் இந்த லேசான தன்மையைப் பார்த்தே போலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறு. 7206 என்று அடித்த செயின் கனமாக, கண்ணிகள் கெட்டியாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ரோலெக்ஸ் முழுக் கெட்டிக் கண்ணிகளுக்கு மாறியது பிறகுதான். இடையில் தகட்டை மடித்துச் செய்த 7836 போன்றவை வந்தன, அதன் பிறகு 78360, 93150 போன்றவை.

எண்களின் வெட்டையும் பாருங்கள். அசலில் அவை அச்சால் அடித்தவை. உலோகம் உள்வாங்கியிருக்கும், இலக்கங்கள் மயிரிழை அளவு மேலும் கீழுமாக இருக்கலாம், ஐம்பது வருடப் புழக்கத்தில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். லேசரால் பொறித்தது போல மேலோட்டமாகவும் ஒரே சீராகவும் இருந்தால் நல்ல அறிகுறி இல்லை. காந்தத்தை வைத்துப் பார்ப்பதால் பயன் இல்லை. அசல், போலி இரண்டுமே துருப்பிடிக்காத எஃகுதான்.

எல்லா ரிவெட் செயினும் ஸ்விட்சர்லாந்தில் செய்தவை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கு அங்கேயே செய்தார்கள், மெக்சிகோவிலும் செய்தார்கள். அவையும் அசல்தான். ஆனால் ஸ்விஸ் தயாரிப்புக்குத்தான் மதிப்பு அதிகம். சிங்கப்பூரில் வாங்கியது என்பதாலும் 7206 என்ற எண் இருப்பதாலும் உங்களுடையது ஸ்விஸ் என்றே எதிர்பார்க்கிறேன். லாக்கின் உள் தகட்டில் சிறிய எழுத்துகள் இருக்கும், அவற்றையும் படம் எடுங்கள்.

ஸ்விஸ் செயின் என்றால் ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ஜெனீவாவில் 1835இல் தொடங்கிய கே ஃப்ரேர் (Gay Frères) என்ற நிறுவனம். ரோலெக்ஸுக்குப் பல பத்தாண்டுகள் செயின் செய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான். ஓடெமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக் வாட்ச் 1972இல் வந்தபோது அதன் செயின் இவர்கள் வேலை. படெக் ஃபிலிப்பின் நாட்டிலஸ் 1976இல் வந்தபோதும் இவர்கள்தான். ஜெனித்தின் எல் பிரிமெரோவில் வந்த ஏணி மாதிரியான செயினும், ஹாயரின் சில மாடல்களில் வந்த அரிசி மணி கோத்தது போன்ற செயினும் இங்கே பிறந்தவை. 1998இல் ரோலெக்ஸ் இந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. வாட்ச் உலகத்தில் செயின் செய்கிறவர்களின் பெயர் வெளியே வருவதே அரிது. இவர்களுடைய வேலையைக் கையில் எடுத்துப் பார்த்தால், அந்தப் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இதை ஒட்டி ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. வேறு பிராண்டுகளின் செயின்களில் ஜி, எஃப் என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீல் செயினில் அந்த எழுத்துகளோடு காலாண்டும் வருடமும் இருந்தால் கே ஃப்ரேர். ‘1/20 12கே’ என்பதை அடுத்து அதே எழுத்துகள் வந்தால் கோல்டு ஃபில்டு, அதாவது மேலே தங்கத் தகடு ஒட்டியது. அதன் கணக்கு எளிது. மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு 12 காரட், அதில் பாதிதான் சுத்தத் தங்கம். 40 கிராம் செயினில் அதிகபட்சம் ஒரு கிராம். அதற்காக அதை உருக்குவது வீண். முழுத் தங்கச் செயின் என்றால் 18 காரட்டுக்கு 750, 14 காரட்டுக்கு 585, பழைய பிரிட்டிஷ் 9 காரட்டுக்கு 375 என்று முத்திரை இருக்கும். நம் ஊரில் 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு 375ஐப் பார்த்தால் மட்டமாகத் தோன்றலாம், ஆனால் அதுவும் தங்கம்தான். எடை போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இழுத்தால் நீளும் செயின்களின் உள்ளே எஃகு ஸ்பிரிங்குகள் இருக்கும், அவையும் எடையில் சேர்ந்துவிடும்.

சரி, உங்கள் செயினின் நிலைக்கு வருவோம். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் விலையைப் பாதியாக்கக்கூடிய ஒன்று உண்டு. தொய்வு. வருடக்கணக்கில் கட்டும்போது வியர்வையும் தூசியும் கண்ணிகளுக்குள் புகுந்து, பின்னையும் அதைத் தாங்கும் துளையையும் அரைத்துவிடும். உலோகம் நீள்வதில்லை, இடைவெளிதான் கூடுகிறது. சோதிக்க, லாக்கைப் பூட்டிவிட்டு, செயினை ரிவெட் தெரியும் பக்கம் மேலே வருமாறு திருப்பி, லாக்கை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். மறுமுனை எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். லேசான வளைவு இந்த வயதில் இயல்பு. மாலை மாதிரி கீழே தொங்கினால் தேய்மானம் அதிகம். அப்படி இருந்தாலும் மதிப்பில்லை என்று ஆகிவிடாது, நுனித் துண்டுகளுக்கும் லாக்குக்கும் தனி விலை உண்டு. தொய்வைச் சரிசெய்யும் நிபுணர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வேலையை வாங்குகிறவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

கண்ணிகளின் எண்ணிக்கையும் முக்கியம். லாக்கின் இரண்டு பக்கமும் எத்தனை கண்ணி என்று எண்ணி எழுதி வையுங்கள். தாத்தாவின் மணிக்கட்டு மெலிந்ததாக இருந்து, கடையில் சிலவற்றைக் கழற்றியிருந்தால் அவை ஒரு பொட்டலத்திலோ தீப்பெட்டியிலோ அதே டிரங்கில் கிடக்கலாம். ஒற்றைக் கண்ணிக்கே விலை உண்டு. குட்டையான செயினை இன்றைய பெரிய மணிக்கட்டுக்கு மாட்ட முடியாது, வாங்குகிறவர் கண்ணி தேடி அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலை விலையில் கழித்துவிடுவார்.

இனி பாலிஷ். கடைக்காரர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது கண்ணிகளின் மேல்பக்கம் நீளவாக்கில் மெல்லிய கோடுகளோடு மங்கலாக இருந்தது. கண்ணிகளின் விளிம்புகள் கூராக இருந்தன. பஃப் சக்கரத்தில் ஒரு தடவை வைத்தால் கோடுகள் போய், விளிம்பு உருண்டு, ரிவெட் தலை தேய்ந்துவிடும். கண்ணாடி மாதிரி மின்னும். சேகரிப்பாளர் அதைப் படத்திலேயே பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கீறல்களோடு விடுங்கள். வெதுவெதுப்பான நீரில் சோப்புக் கரைத்து, மென்மையான டூத் பிரஷால் கண்ணிகளுக்கு இடையில் தேய்த்து, நன்றாக அலசி, முழுக்க உலர்த்துங்கள். அது போதும். அழுக்கு போனால் கண்ணிகளின் உண்மையான தொய்வும் தெரியும், அப்புறம் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள்.

விலையைக் கண்டுபிடிக்க, விற்பனைத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். விற்று முடிந்த விலைகளைத் தனியாகக் காட்டும் வசதி ஏலத் தளங்களில் உண்டு, அதில் 7206, 80 இரண்டும் சேர்ந்த, 1969க்கு முன்பின் தேதியுள்ள செயின்களை மட்டும் எடுங்கள். அவற்றில் தொய்வும் கண்ணி எண்ணிக்கையும் உங்களுடையதற்கு நெருக்கமாக உள்ளவற்றை ஒப்பிடுங்கள். 58 போன்ற வேறு எண் நுனித் துண்டு உள்ளதையோ அமெரிக்கத் தயாரிப்பையோ கலந்தால் கணக்கு தப்பும். விற்க முடிவு செய்தால் படங்கள்தான் பேசும்: திறந்த லாக்கின் உட்புறம், மாடல் எண், இரண்டு நுனித் துண்டுகளின் எண், பக்கவாட்டில் ரிவெட்டுகள், கிடையாக நீட்டிய நிலையில் தொங்கும் அளவு. குறையை மறைக்காமல் காட்டினால் நல்ல விலை கொடுக்கிறவர்கள் வருவார்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது சீகோ, சிட்டிசன் செயின்கள். லாக்கின் உள்ளே ஸ்டெலக்ஸ் என்று இருந்தால் அது சீகோவின் பல மாடல்களில் வந்த செயின். பெரிய பணம் வராது, ஆனால் அதே மாடல் வாட்சைச் செப்பனிடுகிறவர்கள் விரும்பி வாங்குவார்கள். ஒமேகா என்றால் இங்கேயும் இரண்டு எண்களைத் தேடுங்கள், ஒன்று செயினுக்கு, ஒன்று நுனித் துண்டுக்கு. 1039 செயினும் 516 நுனித் துண்டும் சேர்ந்திருந்தால் அது நிலவுக்குப் போன காலத்து ஸ்பீட்மாஸ்டருக்கானது, நல்ல விலை. அதன் பிறகு வந்த 1171உம் 633உம் அதைவிடக் குறைவு.

உங்களிடம் கடைசியாக ஒரு கேள்வி. வாட்ச் எங்கே போயிற்று? தாத்தாவின் வாட்சைச் சித்தப்பாவோ மாமாவோ எடுத்து, செயின் தொளதொளவென்று இருக்கிறதே என்று தோல் வார் மாட்டிக் கட்டியிருக்க வாய்ப்பு நிறைய. யாரிடமாவது இருந்தால், வாரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வார் மாட்டும் கொம்புகளுக்கு நடுவில், 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும், 6 மணிப் பக்கம் தொடர் எண்ணும் வெட்டியிருக்கும். 12 மணிப் பக்கம் 5513 என்றோ 1675 என்றோ இருந்தால், இரண்டும் ஒரே வாட்சின் பாகங்கள் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அப்போது செயினைத் தனியாக விற்கும் பேச்சே வேண்டாம். சேர்ந்த ஜோடிக்குக் கிடைக்கும் விலை, தனித்தனியாக விற்றுக் கூட்டினால் வருவதைவிட அதிகம். சித்தப்பாவிடம் முதலில் போன் போட்டுக் கேளுங்கள், கடைக்காரருக்குப் பதில் அப்புறம் சொல்லலாம்.